ராணிப்பேட்டைல கட்டின பாய்மரப் படகு: மூடுறதுக்கு முன்னாடி யாரும் பாக்காத ஒரு லாட்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துல ஒரு ஃபைபர் யூனிட். பல வருஷமா தோல் ஃபேக்டரிங்களுக்கும் கெமிக்கல் கம்பெனிங்களுக்கும் டேங்க், டக்ட், மூடி இதெல்லாம் பண்ணிக் கொடுத்துட்டு இருந்தவங்க. அவங்களுக்கு ஐரோப்பால இருந்து ஒரு பையர் கிடைச்சாரு, பசங்களுக்கு செயிலிங் சொல்லிக் கொடுக்கற ஸ்கூலுங்களுக்கு சின்ன பாய்மரப் படகு சப்ளை பண்றவரு. 4 மீட்டருக்குப் பக்கமா நீளம், ஒரு பாய், ரெண்டு பசங்க உக்காரலாம். அடில ஹல், மேல டெக், ரெண்டையும் தனித்தனி மோல்ட்ல எடுத்து ஓரத்துல ஒட்டி மூடிடணும், உள்ள காத்து அடைபட்டு இருக்கும், அது தான் படகு கவிழ்ந்தாலும் முழுகாம காப்பாத்தறது. மோல்ட் அங்க இருந்து வந்துச்சு. சாம்பிள் படகு போச்சு, ஓகே ஆச்சு. முதல் லாட்டும் சின்ன சின்ன குறையோட ஓடிடுச்சு. ரெண்டாவது லாட்ல தான் பெரிய பிரச்சனை.

பையர் அனுப்பின மெயில்ல மூணு புகார். ஒண்ணு, படகு எடை ஜாஸ்தி, அதுவும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடை. ரெண்டு, கன்டெய்னர்ல ஏத்தும்போது பளபளன்னு இருந்த படகு அங்க இறக்கும்போது மேல நூல் நூலா தடம் தெரியுது, கோணி சாக்கு மேல வெள்ளை பெயிண்ட் அடிச்ச மாதிரி. மூணு, சில படகுக்குள்ள தண்ணி இறங்குது. இது போக ஸ்டீல் ஃபிட்டிங்ஸ்ல துரு.

நான் அந்த யூனிட்டுக்குப் போனது இந்தப் புகார் வந்த பிறகு தான். அதுக்கு முன்னாடி ஆம்பூர் பக்கம் ஷூ எக்ஸ்போர்ட்ல பல வருஷம் க்யூசி, அதாவது தரம் பாக்கற வேலை. படகுக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். எங்கயோ இருக்கறவன் ஒரு டிராயிங்கும் ஒரு சாம்பிளும் வெச்சு நம்ம ஊர்ல பொருள் செய்யச் சொல்றான், நடுவுல கடல் இருக்கு, தப்பு தெரியும்போது காசு போய் பொருளும் போய் சேர்ந்துடுச்சு, இந்த அமைப்பு ரெண்டுலயும் ஒண்ணே தான். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, என்ன மாத்தினோம்னு முழுசா எழுதறேன், ஏன்னா இந்த மாதிரி வேலை நம்ம பக்கம் இன்னும் வரும், வரணும்.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஏன் ஒண்ணத்தையும் பிடிக்கல

முதல்ல இதைச் சொல்லிடணும். ரெண்டாவது லாட்டு இன்ஸ்பெக்‌ஷன் இல்லாம போகல. பையர் அமர்த்தின ஒரு ஏஜென்சில இருந்து இன்ஸ்பெக்டர் வந்தாரு, செக்லிஸ்ட் வெச்சு ஒவ்வொரு படகையும் பாத்தாரு, கீறல் இருக்கா, கலர் சரியா, ஃபிட்டிங்ஸ் எண்ணிக்கை சரியா, ஸ்டிக்கர் நேரா ஒட்டிருக்கா. எல்லாம் பாஸ். அவர் வேலைய ஒழுங்கா தான் செஞ்சாரு. ஆனா அவர் நின்ன இடத்துல இருந்து தெரியறது ஜெல்கோட்டுங்கற பளபள மேல்பூச்சோட வெளிப்பக்கம் மட்டும் தான், அது அரை மில்லிமீட்டர் பக்கம் தான் கனம். படகு எப்படி இருக்குன்னு தீர்மானிக்கற விஷயம் எல்லாமே அதுக்குப் பின்னாடி, மூடின டெக்குக்கு அடில.

ஷூல ஏக்யூஎல்னு ஒரு சாம்பிளிங் டேபிள் இருக்கு, ஐஎஸ்ஓ 2859. 1,201 ஜோடில இருந்து 3,200 ஜோடி வரைக்கும் உள்ள லாட்னா 125 ஜோடி எடுத்து பாக்கணும், ஏக்யூஎல் 2.5ன்னா 7 வரைக்கும் டிஃபெக்ட் இருந்தா ஏத்துக்கலாம், 8 ஆனா லாட்டே ரிஜெக்ட். ஆம்பூர்ல க்யூசி பண்றவங்க யாரைக் கேட்டாலும் தூக்கத்துல சொல்லுவாங்க. சந்தேகம் வந்தா ஒரு ஷூவ கட் பண்ணி உள்ள பாத்துடலாம், ஒரு ஜோடி தான நஷ்டம். படகு லாட்ல பத்து பன்னெண்டு தான் இருக்கும், ஒவ்வொண்ணும் கையால போட்டது, ஒண்ணு நல்லா இருந்தா பக்கத்துல இருக்கறதும் நல்லா இருக்கும்னு சொல்ல முடியாது. சாம்பிளிங் இங்க செல்லாது. வெட்டியும் பாக்க முடியாது. அப்போ வழி ஒண்ணே ஒண்ணு, செய்யும்போதே பாக்கணும்.

இது நம்ம தோல் ஊருங்களுக்குப் புதுசும் இல்ல. 1990 வாக்குல ஜெர்மனி தோல்ல பிசிபிங்கற பூஞ்சைத் தடுப்பு கெமிக்கலுக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம்னு வரம்பு போட்டப்ப வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பூரா ஆடிப் போச்சு. தோல் பாக்க நல்லா தான் இருந்துச்சு, கை வெச்சா மெத்துன்னு தான் இருந்துச்சு, பிரச்சனை உள்ள ஊறின கெமிக்கல்ல. அன்னிக்கு இந்த ஊர் எந்த டிரம்முல என்ன ஊத்தறோம்னு எழுதி வெக்க ஆரம்பிச்சுது. அந்தப் பழக்கம் பக்கத்துத் தெருவுல இருக்கற ஃபைபர் யூனிட்டுக்கு வந்து சேரல, அவ்ளோ தான்.

ஜனவரில சாம்பிள், மே மாசத்துல லாட்

விசாரிக்க ஆரம்பிச்சு முதல்ல கேட்டது தேதி. சாம்பிள் படகு எப்போ போட்டீங்க? ஜனவரி. ரெண்டாவது லாட்? ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு மே முழுக்க. வேலூர் பக்கத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். ஜனவரி காலைல 20 டிகிரிக்குக் கீழ கூட போகும், மே மாசம் மதியம் 42ஐத் தாண்டும், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள்ள அதுக்கும் மேல.

ஃபைபர் படகுன்னா மோல்ட்ல கண்ணாடி நார் மேட்டு விரிச்சு, ரெசின் ஊத்தி, லேயர் லேயரா ரோலர்ல உருட்டி ஏத்தறது, அதுக்குப் பேரு தான் லேமினேஷன். அந்த பாலியஸ்டர் ரெசின் தானா இறுகாது, எம்இகேபின்னு ஒரு கேட்டலிஸ்ட் ஊத்தணும், நம்ம பசங்க ஹார்ட்னர்னு சொல்லுவாங்க, ரெசின் எடைல 1ல இருந்து 2 சதவீதம். ஊத்தின உடனே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். வெப்பம் 10 டிகிரி கூடினா இறுகற நேரம் ஏறக்குறைய பாதி ஆயிடும், இது தோராயக் கணக்கு தான் ஆனா ஷெட்டுக்குள்ள நிக்கறவனுக்கு இது தான் நிஜம். ஜனவரில அரை மணி நேரம் கிடைச்ச வேலை மே மாசம் பத்து நிமிஷத்துல முடிக்கணும். முடியுமா?

லேமினேஷன் மேஸ்திரி நல்ல கைக்காரரு, டேங்க் வேலைல ஊறினவரு, எதையும் மறைக்கல. "இன்னாம்மா பண்றது, பக்கெட்ல கலக்கி ரோலர எடுக்கறதுக்குள்ள கட்டி ஆயிடுது, அதான் ஹார்ட்னர கொஞ்சம் கொறச்சிக்கினேன்"னாரு. எவ்ளோ கொறச்சீங்கண்ணேன்னு கேட்டேன். மூடில ஊத்தற அளவு, கண்ணு மதிப்பு. "காலைல தட்டிப் பாத்தா கெட்டியா தான கீது?"

கெட்டியா தான் இருக்கும். ஆனா கேட்டலிஸ்ட் 1 சதவீதத்துக்குக் கீழ போனா ரெசின் முழுசா இறுகாம பாதில நின்னுடும். தொட்டா தெரியாது. லேமினேஷன் ரெசின் காத்து படற பக்கம் எப்பவுமே லேசா பிசுபிசுன்னு தான் இருக்கும், அடுத்த லேயர் ஒட்டறதுக்காக அப்படி, அதனால தொட்டுப் பாத்து முடிவு பண்ண முடியாது. அசிட்டோன் துணில துடைச்சாலும் அந்தப் பிசுபிசுப்பு குழப்பிடும். அதுக்குன்னு பார்கால் மீட்டர்னு ஒண்ணு இருக்கு, கைல அடங்கற அளவு, ஒரு ஊசிய அழுத்தி எவ்ளோ கடினம்னு நம்பர் காட்டும், ரெசின் கம்பெனி டேட்டா ஷீட்ல போட்டிருக்கற நம்பர்ல 90 சதவீதமாவது வரணும். அந்த யூனிட்ல அந்த மீட்டர் இல்ல. படகு ஆர்டர் வாங்கினவங்க அது வேணும்னு கேக்கவும் இல்ல, ஆர்டர் கொடுத்தவரு இருக்கான்னு விசாரிக்கவும் இல்ல.

இப்போ அந்த நூல் தடத்துக்கு வரேன். பாதி இறுகின ஹல்லை பாலிஷ் போட்டு கன்டெய்னர்ல ஏத்தியாச்சு, ராணிப்பேட்டைல இருந்து சென்னை துறைமுகம் 110 கிலோமீட்டர் சொச்சம், அங்க யார்டுல வெயில்ல நிக்குது, அப்புறம் கப்பல்ல. வெயில்ல நிக்கற கன்டெய்னருக்குள்ள 60 டிகிரி வரைக்கும் போகலாம். அந்தச் சூட்டுல நின்னு போன க்யூரிங், அதாவது இறுகற வேலை, திரும்ப ஆரம்பிக்குது, ரெசின் இறுகும்போது சுருங்கும், கண்ணாடி நார் சுருங்காது, அதனால நார் எங்கெங்க இருக்கோ அந்த வடிவம் ஜெல்கோட் மேல எழும்பி வந்துடும். பிரின்ட் த்ரூன்னு சொல்லுவாங்க. படகு ஃபேக்டரில பண்ணி முடிக்காத மிச்ச வேலைய கன்டெய்னர் பண்ணி முடிச்சிருக்கு. அதோட படகுங்கள ரேக்ல வெச்ச இடத்துல சின்ன மரக்கட்டை மேல முழு எடையும் நின்னதால சிலதுல அடிப்பக்கம் லேசா குழி வேற, அதுக்கும் காரணம் இதே பாதி க்யூரிங் தான்.

எடை ஏன் ஏறுச்சு

இதை நான் கொஞ்சம் நிதானமாவே சொல்லணும், ஏன்னா இங்க தான் ஒரு ஊரோட தொழில் பழக்கம் இன்னொரு தொழில்ல போய் இடிக்குது.

டேங்க் வேலை பண்றவங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, ரெசின் நல்லா குடிச்சிருந்தா தான் ஒழுகாதுன்னு. அது தப்பே இல்ல. ஆசிட் டேங்க்ல உள்பக்க லேயர் ரெசின் நிறைஞ்சதா தான் இருக்கணும், ஆசிட்ட தாங்கறது ரெசின் தான். படகுல பலம் கொடுக்கறது கண்ணாடி நார், ரெசின் அதைப் பிடிச்சு வெக்கற பசை மட்டும். நறுக்கின நார்ல செஞ்ச சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் கையால போடும்போது மொத்த எடைல 30ல இருந்து 35 சதவீதம் கண்ணாடி இருக்கணும், அதாவது 1 கிலோ மேட்டுக்கு 1.9 கிலோல இருந்து 2.3 கிலோ ரெசின். அதுக்கு மேல போனா எடையும் ஏறும், உடையற தன்மையும் ஏறும். கனமா இருக்கறதால கெட்டின்னு நெனைக்கறோம், ஆனா தரைல இடிச்சா விரிசல் விடறது அந்த ரெசின் ஜாஸ்தியான இடம் தான்.

மே மாசச் சூட்டுல என்ன நடந்துச்சுன்னா, மேட்டுக்குள்ள ரெசின் ஊறறதுக்கு முன்னாடியே தடிச்சுடுது, ரோலர் போட்டா வெள்ளை வெள்ளையா காத்துக் குமிழி நிக்குது, அதை வெளியேத்த மேல இன்னும் கொஞ்சம் புது ரெசின ஊத்தி உருட்டறாங்க. ஒவ்வொரு லேயர்லயும் இப்படி. ஒரு மக்கு ரெசின்ல என்ன பெருசா இருக்கப் போகுதுன்னு தோணும், ஆனா ஹல்லு, டெக்கு, உள்ள வர்ற ரிப், எல்லாத்துலயும் சேர்ந்து கிலோ கணக்குல போய் நிக்குது.

சின்ன பாய்மரப் படகுல கிலோ கணக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு நம்ம ஊர்ல சொன்னா புரியறது கஷ்டம், பாலாத்துலயே வருஷத்துல பாதி நாள் மணல் தான். ஆப்டிமிஸ்ட்னு உலகம் பூரா பசங்க கத்துக்கற குட்டிப் படகு இருக்கு, 1947ல ஃப்ளோரிடால கிளார்க் மில்ஸ் டிசைன் பண்ணது, 2.36 மீட்டர் நீளம், அதோட ஹல் 35 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ரூல். எல்லா பில்டரும் அந்த 35ஐ ஒட்டியே நிக்கறதுக்குப் பாடுபடுவாங்க, ஏன்னா ஒவ்வொரு கிலோவும் வேகம். லேசர்னு இருந்து இப்போ ஐஎல்சிஏன்னு மாறின படகோட ஹல் 59 கிலோ பக்கம் தான். நம்ம வேலூர்க்காரரு விஷ்ணு சரவணன் 2023ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல வெண்கலம் வாங்கினது அந்த ஐஎல்சிஏ 7ல. அந்தப் படகுல எல்லாருக்கும் ஒரே ஹல், ஒரே பாய், ஜெயிக்கறது ஓட்டறவனோட திறமையால மட்டும் இருக்கணும்னு தான் அந்த ஏற்பாடே. ஃபேக்டரில ஒருத்தன் ரெண்டு மக்கு ரெசின் சேத்து ஊத்தினா அந்த நியாயம் அங்கயே போச்சு. எங்க பையரோட படகு ரேஸுக்கு இல்ல தான், ஆனா பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி அதைத் தண்ணில இருந்து கரைக்கு இழுக்கணும், கவிழ்ந்தா தானே நிமித்தணும்.

ரெசின் ஜாஸ்தின்னு எப்படி நிரூபிச்சோம்னா, படகு எதையும் வெட்டல. டெக்ல இன்ஸ்பெக்‌ஷன் மூடி வெக்கறதுக்கு வட்டமா ஓட்டை போடுவாங்க, அந்த வட்டத் துண்டு குப்பைக்குப் போகும். படகு பக்கவாட்டுல நழுவாம இருக்க தண்ணிக்குள்ள இறக்கற சென்டர்போர்டு பலகை நுழையற இடத்துலயும் அதே மாதிரி துண்டு விழும். ரெண்டாவது லாட்டோட துண்டுங்க சிலது ஷெட்டுக்குப் பின்னாடி சாக்குல கிடந்துச்சு, அதைப் பொறுக்கி எடுத்து ஒரு லேப்ல கொடுத்தோம். எடை போட்டு, 600 டிகிரிக்குப் பக்கமா ஃபர்னஸ்ல வெச்சா ரெசின் எரிஞ்சு போயிடும், கண்ணாடி நார் மட்டும் நிக்கும், திரும்ப எடை போட்டா சதவீதம் வந்துடும். எரிஞ்ச பிறகு லேயர் லேயரா பிரிச்சு எண்ணவும் செய்யலாம், டிராயிங்ல சொன்ன சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டு தான் போட்டாங்களா இல்ல 300ஆன்னு அப்பட்டமா தெரியும். லேயர் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, யாரும் மேட்டைத் திருடல. கண்ணாடி அளவு மட்டும் 30க்கு நல்லா கீழ. அந்த ரிப்போர்ட்டைக் காட்டினப்ப மேஸ்திரி ரொம்ப நேரம் அந்த எரிஞ்ச நாரைக் கைல வெச்சுப் பாத்துட்டு, "இவ்ளோ தான் நாரு கீதா இதுல"ன்னு கேட்டாரு. அதுக்கு அப்புறம் அவர்கிட்ட ரெசின் அளவைப் பத்தி நான் வாதாட வேண்டி வரல.

தண்ணி இறங்கினது

ஹல்லும் டெக்கும் ஒட்டற பசை கூட அதே சூட்டுல மாட்டினது தான். ஓரம் பூரா பசை வெச்சு முடிக்கறதுக்குள்ள ஆரம்பிச்ச முனைல இறுகிடுது, அப்புறம் கிளாம்ப் போட்டா அந்த இடத்துல பிடிக்காது, வெளிய இருந்து பாத்தா கோடு அழகா இருக்கும், உள்ள சந்து. ஆனா லீக் டெஸ்ட் பண்ணி தான அனுப்பிருக்காங்க, ரிஜிஸ்டர்ல ஒவ்வொரு படகுக்கும் பாஸ்னு எழுதி இருக்கு, பொய்யும் இல்ல. அப்புறம் எப்படி?

அந்த டெஸ்ட்ல, படகுக்குள்ள லேசா காத்து அழுத்தம் கொடுத்து அடைச்சுட்டு, தண்ணி ட்யூப்ல மட்டம் இறங்குதான்னு கொஞ்ச நேரம் பாப்பாங்க. 100 மில்லிமீட்டர் தண்ணி மட்டம் போதும், அதுவே சதுர மீட்டருக்கு 100 கிலோ தள்ளற அளவு, அதுக்கு மேல கம்ப்ரஸர் வெச்சு ஏத்தினா டெக்கே பிச்சுக்கும். ரிஜிஸ்டர்ல நேரம் எழுதி இருந்துச்சு, அது தான் விடை கொடுத்துச்சு. எல்லாம் காலைல பத்து, பதினோரு மணி, ஷெட் வாசல்ல. அந்த நேரத்துல நம்ம ஊர் வெயில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிட்டு இருக்கும். அடைச்ச காத்து 1 டிகிரி சூடானா அழுத்தம் சுமார் 34 மில்லிமீட்டர் தண்ணி அளவுக்கு ஏறப் பாக்கும். படகு கொஞ்சம் உப்பிக் கொடுக்கறதால முழுசா அவ்ளோ ஏறாது, ஆனாலும் ஏறும். ஒரு பக்கம் ஓட்டை வழியா காத்து போயிட்டே இருக்கு, இன்னொரு பக்கம் வெயில் அழுத்தத்தை ஏத்திட்டே இருக்கு, ட்யூப்ல மட்டம் அப்படியே நிக்குது. பாஸ். ஏற்கனவே கப்பல்ல போயிட்ட படகுக்கு நம்மால ஒண்ணும் பண்ண முடியல, ஆனா ஷெட்ல மிச்சம் இருந்த படகை விடியக்காலைல நிழல்ல வெச்சு டெஸ்ட் பண்ணா மட்டம் கண்ணு முன்னாடி இறங்குச்சு, சோப்புத் தண்ணி அடிச்சா ஓரத்துல நுரை எழும்புது. இந்த ஒரு விஷயத்துக்காகவே வெயில் ஊருல படகு செய்யறவங்க எல்லாருக்கும் சொல்லணும்னு தோணுது, லீக் டெஸ்ட் ரிஜிஸ்டர்ல மட்டத்தோட சேத்து படகோட வெப்பத்தையும் ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை எழுதுங்க.

ஃபிட்டிங்ஸ் துரு கதை சின்னது. ஆர்டர்ல 316 ஸ்டெயின்லெஸ்னு இருந்துச்சு, வாங்கினது 304. சப்ளையர் காந்தம் வெச்சுக் காட்டி, ஒட்டல பாருங்க, அதனால 316ன்னு சொல்லிருக்காரு. ரெண்டுமே காந்தத்துல ஒட்டாது. வித்தியாசம் 316ல இருக்கற 2, 3 சதவீத மாலிப்டினம், உப்புத் தண்ணிய தாங்கறது அது தான், அதைக் கண்டுபிடிக்க கெமிக்கல் சொட்டு டெஸ்ட் இல்லாட்டி உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டற பிஎம்ஐ மெஷின் வேணும். பெல் கம்பெனிக்கு சப்ளை பண்ற ஃபேப்ரிகேஷன் யூனிட்டுங்க ராணிப்பேட்டைல எவ்ளோ இருக்கு, அவங்களுக்கு பிஎம்ஐ தினசரி வேலை. ரெண்டு தெரு தள்ளிப் போய் கேட்டா முடிஞ்சுடும், கேக்கணும்னு யாருக்கும் தோணல.

என்ன மாத்தினோம்

முதல்ல நேரம். வெயில் காலத்துல லேமினேஷன் விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிஞ்சுடணும். பசங்க முனகினாங்க, அரக்கோணம் பக்கத்துல இருந்து ட்ரெயின்ல வர்றவங்களுக்கு அந்த நேரம் ஒத்து வரல, ஓனர் வேன் ஏற்பாடு பண்ணாரு, அந்தச் செலவு படகு விலைல சேந்துச்சு, பையர் ஒத்துக்கிட்டாரு. ரெசின் டிரம்ம வெயில் படாத இடத்துக்கு மாத்தினோம். ரெசின் சப்ளையர்கிட்ட பேசி வெயில் காலத்துக்குன்னு மெதுவா இறுகற கிரேடு கேட்டோம், அப்படி ஒண்ணு எப்பவுமே இருந்திருக்கு. தாலிக் அன்ஹைட்ரைடுங்கற ரெசினோட மூலப்பொருளே ராணிப்பேட்டைல திருமலை கெமிக்கல்ஸ்ல தயாராகற ஊரு இது, இங்க ரெசின் கெமிஸ்ட்ரி தெரிஞ்ச ஆளுக்குப் பஞ்சமே இல்ல. கேட்டலிஸ்ட மூடில ஊத்தறது போச்சு, அளவு போட்ட பாட்டில் வந்துச்சு, சதவீதத்தை யாரும் குறைக்கக் கூடாது, நேரம் பத்தலன்னா கலக்கற அளவைக் குறைக்கணும். ரெசின் சீக்கிரம் இறுகறதுக்கு சேக்கற கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்இகேபியும் பக்கத்துப் பக்கத்து அலமாரில இருந்துச்சு, ரெண்டும் நேரா கலந்தா வெடிக்கும், அதை அன்னிக்கே பிரிச்சு வெச்சோம்.

அடுத்து எடை. ஆம்பூர்ல தோலை கட்டிங் செக்‌ஷனுக்குக் கொடுக்கும்போது இந்த ஸ்டைலுக்கு ஜோடிக்கு இவ்ளோன்னு கணக்கு பண்ணி தான் இஷ்யூ பண்ணுவாங்க. அதே முறைய இங்க கொண்டு வந்தோம். ஒரு ஹல்லுக்கு வேண்டிய மேட்டு எல்லாம் பேட்டர்ன் வெச்சு முன்னாடியே வெட்டி, நம்பர் போட்டு, எடை போட்டு ஒரு கட்டா வெச்சுடணும். ஷூ கட்டிங்ல இருந்த ரெண்டு பொண்ணுங்க வந்து இதைச் செஞ்சாங்க, துண்டு விழற வேஸ்ட்டும் குறைஞ்சுது. மேட்டு எடைக்கு ஏத்த ரெசின் மட்டும் தராசுல நிறுத்து பக்கெட்ல வரும். பக்கெட் காலியானா அந்த லேயருக்கு ரெசின் முடிஞ்சுது. பத்தலன்னு கேட்டா கொடுக்கலாம், ஆனா ஷீட்ல எழுதிட்டு தான். இந்த எழுதறது தான் வேலை செய்யுது, எந்த லேயர்ல யாருக்கு பத்தாம போகுதுன்னு தெரிஞ்சா காரணத்தைத் தேடலாம்.

மூணாவது தான் நான் ரொம்ப பிடிவாதமா நின்னது, ஹோல்ட் பாயிண்ட். ஹல்லும் டெக்கும் ஒட்டறதுக்கு முன்னாடி வேலை நிக்கணும். உள்பக்கம் திறந்து கிடக்கும்போது தான் எல்லாம் தெரியும், வெள்ளைக் குமிழி, காஞ்ச நார், ஃபோம் ஒட்டாத இடம். ஹல் தனியா, டெக் தனியா தராசுல ஏத்தி எடை, பார்கால் நம்பர் பல இடத்துல, தட்டிப் பாத்து சத்தம், போட்டோ, அப்புறம் கையெழுத்து. கையெழுத்து இல்லாம பசை டப்பா ஸ்டோர்ல இருந்து வெளிய வராது. ஓட்டை போடும்போது விழற வட்டத் துண்டுல படகு நம்பரை எழுதி பையில போட்டு பத்திரமா வெக்கணும், சில வருஷம் கழிச்சு அங்க ஒரு படகு உடைஞ்சாலும் அதோட உடம்பு ஒரு துண்டு நம்மகிட்ட இருக்கும். ஐரோப்பால 2.5 மீட்டருக்கு மேல உள்ள படகுக்கு 2013/53 சட்டப்படி ஹல்ல நம்பர் பொறிக்கணும், எந்த நாடு, எந்த பில்டர், எந்த மாசம்னு அதுலயே இருக்கும். அந்த நம்பரை வெறும் சட்டத்துக்காக பொறிக்காம, எந்த லேயர்ல என்ன போட்டோம்னு எழுதற லே அப் ஷீட், மேட்டு ரோல், ரெசின் பேட்ச், வட்டத் துண்டு எல்லாத்துக்கும் அதையே சாவியாக்கினோம்.

பையர் பக்கமும் ஒண்ணு மாறுச்சு. பழைய ஒப்பந்தத்துல கடைசி இன்ஸ்பெக்‌ஷன் மட்டும் தான், நடுவுல வர்றதுன்னா முன்கூட்டியே தேதி சொல்லணும். புதுசுல எந்த நாளும் எந்த நேரமும் அவங்க ஆள் உள்ள வரலாம்னு போட்டோம். ஓனருக்கு முதல்ல மனசு வரல. லேசர் படகு விஷயத்துல நடந்ததை எடுத்துச் சொன்னேன், 2019 மார்ச்ல ஒரு பெரிய பில்டர் ஃபேக்டரிக்குள்ள இன்ஸ்பெக்‌ஷனுக்கு விடலங்கற காரணத்துல தான் அந்தப் படகுக்கான சங்கம், கிளாஸ் அசோசியேஷன்னு சொல்லுவாங்க, அவங்களோட ஒப்பந்தத்தையே முடிச்சுது, அந்தத் தகராறுல தான் படகோட பேரே ஐஎல்சிஏன்னு மாறுச்சு. அவ்ளோ பேரு வாங்கின படகுலயே கதவு திறக்குமா திறக்காதாங்கறது தான் கடைசிக் கேள்வியா நின்னுச்சு. ஒத்துக்கிட்டாரு. இப்போ ஹோல்ட் பாயிண்ட்ல வீடியோ கால்ல அவங்க இன்ஜினியர் பாக்கறாரு, டார்ச் அடிச்சு மூலைமூலையா காட்டச் சொல்லுவாரு, சில சமயம் ஒரு ஹல்லுக்கே ரொம்ப நேரம் ஆகும். நல்லது தான்.

தண்ணில டெஸ்ட் பண்ண இடம் வேணும்ல, வடகிழக்கு மழைக்கு அப்புறம் காவேரிப்பாக்கம் ஏரில தண்ணி நிக்கும்போது ஒரு படகைக் கொண்டு போய் கவிழ்த்து நிமித்திப் பாத்தோம், ஐஎஸ்ஓ 12217ல 6 மீட்டருக்குக் குறைவான படகுக்குன்னு ஒரு பாகம் இருக்கு, அதுல கவிழ்ந்ததை நிமித்தற டெஸ்ட்டும் உண்டு. லேமினேஷன் பசங்க எல்லாரும் வந்திருந்தாங்க, தாங்க செஞ்ச பொருள் தண்ணில மிதக்கறதை அவங்க அன்னிக்கு தான் முதல் தடவை பாக்கறாங்க. அதுவரைக்கும் டேங்க்கை நிரப்பி மட்டும் தான் பாத்தவங்க. இதை முதல் சாம்பிள் அன்னிக்கே பண்ணிருக்கணும்னு ஓனர்கிட்ட சொன்னேன், எதுக்கு எடை குறைக்கறோம்னு எத்தனை தடவை சொல்லியும் ஏறாதது அந்த ஒரு நாள்ல ஏறுச்சு.

மூணாவது லாட் போச்சு. எடை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி வந்துடுச்சு, நூல் தடம் புகார் இல்ல, தண்ணி இறங்கல. ரெண்டாவது லாட்டுக்கு அங்கயே தேச்சு பாலிஷ் போட்ட செலவை பையரும் யூனிட்டும் பங்கு போட்டுக்கிட்டாங்க, ஸ்பெக்ல லே அப் எடையே எழுதாம விட்டது பையர் பக்கக் குறைன்னு அவரும் ஏத்துக்கிட்டாரு.

தீராத விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஐப்பசி, கார்த்திகை ஈரப்பதம். வெயிலுக்குப் பண்ண ஏற்பாடு மழைக்கு உதவாது, விடியக்காலைல மோல்ட் மேல பனி ஈரம் படியுது, மேட்டு ரோல் ஈரத்தை இழுக்குது, அந்த மாசங்கள்ல அஞ்சு மணி ஷிஃப்ட் தப்பு, வெயில் ஏறின பிறகு தான் ஆரம்பிக்கணும். ரோல் வெக்கற ரூமுக்கு மட்டும் ஏசி போட்டாச்சு, மோல்டுக்கு என்ன பண்றதுன்னு பேசிட்டு இருக்கோம். ரெண்டு, ரெசின்ல இருந்து கிளம்பற ஸ்டைரீன் வாடை. வாடைக்காக ஃபேன் போட்டா ரெசின் மேல காத்து அடிச்சு க்யூரிங் கெடுதுன்னு மேஸ்திரி அணைக்கறாரு, அணைச்சா பசங்களுக்கு தலைவலி, கண்ணெரிச்சல். அந்த ஆவி காத்தை விட கனம், கீழ தான் படியும், அதனால மேல ஃபேன் வெச்சு பிரயோஜனம் இல்ல, தரை மட்டத்துல உறிஞ்சற டக்ட் வேணும். டக்ட் செய்யறதே அந்த யூனிட்டோட பழைய தொழில். ஓனர்கிட்ட அடுத்த ஆர்டருக்கு முன்னாடி அதைச் செஞ்சு முடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன், பையரோட ஆடிட் ஷீட்லயும் அதை ஒரு லைனா சேக்கச் சொல்லி கேட்டிருக்கேன்.